பதில்: பரப்பளவு இலக்கு எட்டியும் ஆற்றில் வண்டல் குறையவில்லை

ஆற்றில் வண்டல் சேர்வதைக் குறைக்க, தங்கள் நிலத்தில் மரம் வளர்ப்பவர்களுக்கு ஹெக்டேருக்கு ஒரே தொகை அறிவித்தோம், நிறையப் பேர் சேர்ந்தார்கள், ஆனால் ஆற்றில் வண்டல் குறையவே இல்லை என்கிறீர்கள். சேர்ந்த நிலங்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் எப்படியும் சும்மா கிடந்த சமதளத் துண்டுகளாக இருக்கும். கரையோரச் சரிவில் பயிர் வைத்திருப்பவருக்கு உங்கள் தொகை கட்டுப்படியாகாது. மண் கரைவதோ அங்கேதான்.

அதற்காக எல்லோருக்கும் தொகையை ஏற்றிவிடாதீர்கள், பணம்தான் தீரும். ஏலத்துக்கு மாறுங்கள். என்ன செய்வேன், அதற்கு எவ்வளவு வேண்டும் என்று நில உரிமையாளரே மூடிய உறையில் எழுதித் தரட்டும். கேட்கும் பணத்துக்கு அதிகப் பலன் தருபவரிடமிருந்து தேர்வைத் தொடங்குங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2001-ல் தொடங்கிய புஷ்டெண்டர் சோதனையில் இயற்கைத் தாவரங்களைக் காக்க இந்த வழியைத்தான் பிடித்தது. பலனுக்கு மதிப்பெண் போட, சரிவு, மண் வகை, ஓடையிலிருந்து தூரம் ஆகிய மூன்றிலிருந்து தொடங்கலாம். ஏகப்பட்ட காரணிகளைத் திணித்தால் கணக்குப் போட்டவருக்கே புரியாது. அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள் என்ற உச்சவரம்புத் தொகையை மட்டும் வெளியே சொல்லாதீர்கள், சொன்னால் எல்லோரும் அதையே கேட்பார்கள்.

அப்புறம், கரையோரப் பசுமைப் பட்டை விட்டுவிட்டு இருந்தால் மழைநீர் இடைவெளி வழியே மண்ணை இழுத்துப் போய்விடும். பக்கத்து நிலத்துக்காரரும் சேர்ந்தால் இருவருக்கும் ஊக்கத்தொகை என்று ஒரு விதி வையுங்கள்.