பிடிவாதத்திற்கு எப்போதும் +2 தர வேண்டுமா?

வணக்கம் நண்பரே. பினாங்கு துறைமுகத்தை வைத்து நீங்கள் நடத்தும், ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து ஆடும் பகடை ஆட்டத்தில், 'பிடிவாதக்காரன்' என்று குணம் எழுதிக்கொண்டவர் எல்லாத் திறன் சோதனைக்கும், அதாவது ஒரு செயல் பலிக்குமா என்று பகடை உருட்டிப் பார்க்கும்போதெல்லாம், விழுந்த எண்ணோடு +2 கேட்பதாகச் சொல்கிறீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

பூட்டைத் திறக்கக் கைப்பழக்கம் வேண்டும். பிடிவாதத்திற்கு அங்கே வேலையில்லை. ஆனால் சுங்க அதிகாரி விடிய விடிய மிரட்டி விசாரிக்கும்போது வாய் திறக்காமல் இருக்க அதுதான் அவருக்குத் துணை. அப்போது 20 முகப் பகடையை இரண்டு முறை உருட்டச் சொல்லிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 11 அல்லது அதற்கு மேல் தேவைப்படும் சோதனையில் வெற்றி வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து 75 ஆகும். +2 தந்தால் 60தான்.

அதே ஆள் பினாங்கு ஸ்திரீட் கடையில் பேரம் பேசினால் விட்டுக்கொடுக்க மனம் வராது. அங்கேயும் இரண்டு முறை உருட்டட்டும், ஆனால் சிறிய எண்ணே செல்லும்; அதே 11 தேவைப்பட்டால் வாய்ப்பு 25 சதவீதம். இந்தப் பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆட்டத்தின் உயிரே இதுதான். இழப்பை ஏற்றுக் குணத்தோடு நடித்தவருக்கு, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இதே வகை ஆட்டத்தின் 2014 விதிகளில் உள்ள 'இன்ஸ்பிரேஷன்' கொடுங்கள்; பிறகு ஒருமுறை இரண்டு தடவை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள உதவும் பரிசு அது.

அடுத்த ஆட்டத்திற்கு முன் அவரிடம் தனியாகப் பேசி, குணம் கைகொடுக்கும் இடம் ஒன்றையும் காலை வாரும் இடம் ஒன்றையும் எழுதி வாங்கிவிடுங்கள்.