நடந்தே நடித்தவர்: ழான் மொரோ கேள்வி பதில்

பிரெஞ்சு நடிகை ழான் மொரோவைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இத்தனை பேர் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, ரொம்ப சந்தோஷம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், ஜீன் மோரோ, ஜென்னி மொரியூ, ழான் மொரோ என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்களே, எது சரி?

ழான் மொரோ என்றே எழுதுங்கள். அந்த முதல் எழுத்தின் ஒலி நம் 'ஜ' இல்லை. பிரெஞ்சிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் அதற்கு 'ழ' போட்டுப் பழக்கிவிட்டார்கள், ழூல் வெர்ன் என்று எழுதுவதைப் போல. இதில் ஒரு சங்கடம் உண்டு. ஆண் பெயரும் பெண் பெயரும் தமிழில் ஒன்றாகிவிடும். நடிகர் ழான் கபேன் ஆண், ழான் மொரோ பெண். பிரெஞ்சில் ஆண் பெயர் மூக்கொலியில் முடியும், பெண் பெயரில் 'ன்' தெளிவாகக் கேட்கும்.

கேள்வி: சினிமாக் குடும்பத்திலிருந்து வந்தவரா?

இல்லை. 1928 ஜனவரி 23 அன்று பாரிஸில் பிறந்தார். அப்பா உணவகம் நடத்தியவர். அம்மா இங்கிலாந்தின் லங்காஷயர் பக்கத்துக்காரர், மேடை நடனக்காரி. பின்னாளில் ஆர்சன் வெல்ஸ் போன்றவர்களின் ஆங்கிலப் படங்களில் மொரோ தயக்கமில்லாமல் நடித்ததற்கு அம்மாவின் மொழிதான் துணை. மகள் நடிக்கப் போவது அப்பாவுக்குப் பிடிக்கவே இல்லை. பதின்ம வயதில் பார்த்த 'ஆந்திகோன்' நாடகம்தான் மொரோவின் மனதை மாற்றியது. பாரிஸ் கன்சர்வேத்வாரில் நடிப்புப் படித்தார். 1947இல் முதல் அவிஞ்ஞோன் நாடக விழாவில் மேடையேறினார். அதே ஆண்டு அரசு நாடகக் குழுவான கொமெதி ஃபிரான்சேஸில் சேர்ந்தார். அப்புறம் நாடக இயக்குநர் ழான் விலாரின் குழுவில் நடிகர் ழெரார் ஃபிலிப்போடு நடித்தார். சினிமாவில் முகம் தெரிவதற்கு முன்பே பாரிஸ் மேடையில் பெரிய பெயர் அவருக்கு.

கேள்வி: தப்பாக நினைக்காதீர்கள். அவர் அப்படியொன்றும் அழகி இல்லையே! கண்ணுக்குக் கீழே கருவளையம், வாயோரம் தொங்கிப்போன முகம். எதற்கு இத்தனை கொண்டாட்டம்?

இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? ஐம்பதுகளில் தயாரிப்பாளர்களும் இதையேதான் சொன்னார்கள். கேமராவுக்கு ஏற்ற முகம் இல்லை என்று சொல்லி, கனமாக மேக்கப் போட்டு, எக்கச்சக்கமாக விளக்கு வைத்து அந்த முகத்தை மூடிவிடுவார்கள். 1954இல் ழான் கபேனோடு நடித்த கேங்ஸ்டர் படம் வரைக்கும் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் துணை வேடங்கள்.

இதை மாற்றியவர் லூயி மால். மேடையில் மொரோவைப் பார்த்துவிட்டு, இருபதுகளின் நடுவில் இருந்த அந்த இளைஞர் தன் முதல் கதைப்படத்துக்கு அழைத்தார். ஆங்கிலத்தில் 'எலிவேட்டர் டு தி கேலோஸ்' என்று தேடினால் கிடைக்கும். கதை எளிமையானது. ஒரு பெண்ணின் கணவனைக் கொன்றுவிட்டு வரவேண்டிய அவள் காதலன் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறான். அது தெரியாமல் இந்தப் பெண் இரவு முழுக்க பாரிஸ் தெருக்களில் அவனைத் தேடி அலைகிறாள்.

அந்த அலைச்சலை ஷான்ஸ் எலிஸே சாலையில் எடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெகாயே கேமராவைக் குழந்தை தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கூடவே போனார். சினிமா விளக்கு கிடையாது. கடைக் கண்ணாடியிலிருந்து விழும் வெளிச்சமும், குறைந்த ஒளியிலும் பதியும் ஃபிலிமும் மட்டும்தான். மேக்கப்பும் இல்லை. ஒரு கடையைத் தாண்டும்போது முகம் வெளுக்கிறது, அடுத்த நாலு எட்டில் இருட்டுக்குள் போகிறது, மறுபடி வருகிறது. நீங்கள் சொன்ன அதே கருவளையம் அப்போது தெரியும், பாருங்கள்! தூக்கமில்லாத இரவு அந்தக் கண்களுக்குக் கீழேதான் இருக்கிறது. முதல் வாரம் எடுத்ததைப் பார்த்த லேப் ஆட்கள் பதறிப்போய்த் தயாரிப்பாளரிடம் ஓடினார்களாம், மொரோவை இப்படிக் கெடுக்க விடாதீர்கள் என்று. மால் பின்னாளில் சொன்னது இது.

என்னைக் கேட்டால், அவரை நடிகையாக அல்ல, மனுஷியாகக் கேமரா முதன்முதலில் பார்த்தது அந்தச் சாலையில்தான்.

கேள்வி: அந்தப் படத்தின் டிரம்பெட் இசை மைல்ஸ் டேவிஸ் வாசித்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1957 டிசம்பர் 4 இரவு தொடங்கி விடியும்வரை பாரிஸில் ஒரு ஸ்டுடியோவில் பதிவானது. காட்சிகளைத் திரையில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பார்த்துக்கொண்டே வாசித்தார். டிரம்ஸில் கென்னி கிளார்க்; மற்றவர்கள் பிரான்ஸில் இருந்த கலைஞர்கள். எழுதிவைத்த நோட்ஸ் என்று பெரிதாக எதுவும் இல்லை. மொரோவின் நடையையே தாளமாக எடுத்துக்கொண்டதைப் போல எனக்கு எப்போதும் தோன்றும்.

கேள்வி: முப்பதைத் தாண்டினால் கதாநாயகி வாய்ப்பு போய்விடும் என்பார்கள். இவருக்கு எப்படி?

இவருக்கு முப்பதில்தான் ஆரம்பமே! அந்தப் படம் வெளியான 1958 ஜனவரியில்தான் அவருக்கு முப்பது வயது நிறைந்தது. 1960இல் கான் விழாவில் சிறந்த நடிகை விருது, பீட்டர் புரூக் இயக்கிய படத்துக்காக. 1961இல் அந்தோனியோனியின் 'லா நோத்தே'. அதிலும் பாருங்கள், மிலான் நகரத்தில் தனியாக நடக்கும் மனைவி. பேச்சே கிடையாது. சுவரில் பெயர்ந்து நிற்கும் காரையை விரலால் தொட்டுப் பார்ப்பார். அவ்வளவுதான், அந்தத் திருமணம் எந்த நிலையில் இருக்கிறது என்று நமக்குப் புரிந்துவிடும். 1964இல் தன் படத்தில் நடிக்கவைத்த புனுவல், ஹை ஹீல்ஸ் போட்டு மொரோ நடக்கும்போது பாதம் லேசாக நடுங்குவதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இயக்குநர்கள் அவர் காலையும் கவனித்திருக்கிறார்கள்.

கேள்வி: அவருடைய ஒரு படம் ஆபாசம் என்று அமெரிக்காவில் வழக்கு நடந்ததாமே?

ஆமாம், மாலோடு செய்த அடுத்த படம், 'லே ஸமான்', அதாவது 'காதலர்கள்'. ஒஹாயோ மாநிலத்தில் அதைத் திரையிட்ட தியேட்டர் மேலாளருக்கு 2,500 டாலர் அபராதம் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1964இல் தண்டனை ரத்தானது. ஆபாசத்தை வரையறுக்க முடியாவிட்டாலும் பார்த்தால் எனக்குத் தெரியும், இந்தப் படம் அது இல்லை என்று நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதினார். சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த வரி மனப்பாடமாக இருக்கும், எந்தப் படம் என்பதுதான் பலருக்குத் தெரியாது. இன்று பார்த்தால் அதில் மறைக்க ஒன்றுமே இல்லை. ஒரு பெண் தன் சந்தோஷத்தை முகத்தில் ஒளிக்காமல் காட்டுகிறாள். அன்றைக்கு அதுவே பொறுக்கவில்லை.

கேள்வி: 'ழூல் எ ழிம்' படத்தில் வரும் பாட்டை அவரே பாடினாரா?

அவரேதான். 'சுழல்' என்று பொருள்படும் பாட்டு, செர்ழ் ரெஸ்வானி எழுதியது. கிதார் வாசிப்பவரும் அவரே. படமெடுக்கும்போதே பாடியதை இயக்குநர் த்ரூஃபோ பதிவு செய்தார். ஓரிடத்தில் சரணத்தின் வரிசை மாறிவிடுகிறது, மொரோ கையால் சின்னதாக ஒரு சைகை காட்டிவிட்டு மேலே பாடுகிறார். த்ரூஃபோ வெட்டவில்லை. அந்தக் கையைக் கவனித்துப் பாருங்கள். அதன் பிறகு அவர் தனியாக இசைத்தட்டுகளும் வெளியிட்டார்.

கேள்வி: கணவர்கள், காதலர்கள் பற்றிச் சொல்லவே இல்லையே?

இரண்டு திருமணம், இரண்டும் மணமுறிவில் முடிந்தன. முதல் கணவர் ழான்-லூயி ரிஷார், இரண்டாமவர் அமெரிக்க இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கின். ஒரே மகன். மற்றதெல்லாம் கிசுகிசு, அதற்குள் நான் போகமாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கருக்கலைப்பு பிரான்ஸில் குற்றமாக இருந்த 1971இல், நானும் செய்துகொண்டேன் என்று 343 பெண்கள் பகிரங்கமாகக் கையெழுத்திட்டார்கள். அதில் மொரோவும் ஒருவர். வழக்கு வரலாம் என்று தெரிந்தே போட்ட கையெழுத்து.

கேள்வி: வயதான பிறகு என்ன செய்தார்?

சும்மா உட்காரவில்லை. 1976இல் 'லுமியேர்', 1979இல் 'லதொலெசான்த்' என்று படங்கள் இயக்கினார். இரண்டாவது, 1939 கோடையில் பாட்டி ஊருக்குப் போகும் ஒரு சிறுமியின் கதை. பாட்டியாக சிமோன் சிஞ்ஞொரே. இதற்குக் கிடைக்கவேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் தீராத வருத்தம். கான் விழா நடுவர் குழுவுக்கு இரண்டு முறை தலைவர், 1992இல் பிரெஞ்சு சினிமாவின் செசார் விருது, 1998இல் ஆஸ்கர் அகாதெமி நடத்திய பாராட்டு விழா. நுண்கலை அகாதெமிக்குத் தேர்வான முதல் பெண்ணும் அவர்தான். எண்பதைத் தாண்டியும் நடித்தார். 2017 ஜூலை 31 அன்று பாரிஸில் காலமானார், வயது 89. மொன்மார்த்ர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

கேள்வி: அக்கா ஒருத்தி சொல்லித்தான் அவர் பெயரே எனக்குத் தெரியும். எந்தப் படத்திலிருந்து ஆரம்பிக்கட்டும்?

அந்த லிஃப்ட் படத்திலிருந்து ஆரம்பி, தம்பி. முடிந்தால் ராத்திரியில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார். தன் காதலனின் கார் வேறொரு பெண்ணோடு கடந்து போவதைப் பார்த்துவிட்டு அவள் நடக்கத் தொடங்குவாள். அங்கே வந்ததும் சப்டைட்டிலை அணைத்துவிடு. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போவாள், மழை பிடித்துக்கொள்ளும், தலைமுடி நெற்றியில் ஒட்டும். ஒரு தடவை அப்படியே பார்த்துவிட்டு, அப்புறம் பின்னால் ஓட்டி, என்ன பேசினாள் என்று படித்துக்கொள்.