யாருடைய 6 மணி?

கேள்வி: மதுரையில் என் பேத்தியின் அரங்கேற்றத்தை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்த லிங்க்கைச் சரியாக 6 மணிக்குத் தொட்டேன், வெறும் கறுப்புத் திரை. வரும் ஞாயிறு இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது. எப்படிப் பார்ப்பது?
– ஒரு பாட்டி, பட்டர்வொர்த்

பதில்: லிங்க்கில் கோளாறு இல்லை பாட்டி, கடிகாரத்தில்தான். மலேசியாவில் நாம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், அங்கே மாலை 6 என்றால் நமக்கு இரவு 8.30, நீங்கள் சாப்பிட்டுவிட்டே உட்காரலாம். முன்கூட்டியே போட்டுவைத்த நேரலை என்றால் அந்தப் பக்கத்திலேயே நம்மூர் நேரம் தெரியும், பக்கத்தில் மணிப் படம் இருந்தால் தொட்டுவையுங்கள், தொடங்கும்போது கைப்பேசி கூப்பிடும்.

பார்க்க மட்டும் கணக்கு வேண்டாம். வாழ்த்து எழுதத்தான் ஜிமெயில் கணக்கோடு உள்ளே போக வேண்டும். தாமதமாக வந்தால் கீழே இருக்கும் கோட்டைப் பின்னால் இழுங்கள், பெரும்பாலும் முதலிலிருந்து ஓடும். படம் சுற்றிக்கொண்டே நின்றால் பல்சக்கரப் படத்தைத் தொட்டுத் தரத்தை 360க்குக் குறையுங்கள், சலங்கை கொஞ்சம் மங்கலாகத் தெரியும், சத்தம் அறுபடாது. பெரிய திரையில் பார்க்க, டிவியும் கைப்பேசியும் ஒரே வைஃபையில் இருக்கட்டும்.

ஒன்று, நேரலை சில விநாடி பிந்தித்தான் வரும். அரங்கில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டால் கைத்தட்டல் முதலில் காதில் விழும், பேத்தி அப்புறம்தான் வணங்குவாள்.

அப்புறம், "நேரலை இங்கே" என்று யாரோ ஃபேஸ்புக்கில் போட்ட லிங்க் வங்கி கார்டு எண் கேட்டால் உடனே மூடிவிடுங்கள். மகன் அனுப்பியது மட்டும் போதும்.