ஏறுனா இறங்கித்தான ஆகணும்: மலைப்பாதை சைக்கிள் டூர் கேள்வி-பதில்

கேள்வி நிறைய சேந்து போச்சு, ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் ஒண்ணாக்கிட்டேன். என்ன சைக்கிள், என்ன கியர், எவ்ளோ மூட்டை எதுவுமே சொல்லாம "நான் போலாமா சார்"னு மட்டும் கேட்ட நாலஞ்சு பேருக்கு இதுல பதில் இல்ல. நான் ஜோசியக்காரன் கிடையாது.

கே: சமதளத்துல ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர் அசால்ட்டா ஓட்டுவேன். மலையில 100 வச்சு பிளான் போட்டுட்டேன், ஓகேவா?

ப: எத்தனை மீட்டர் ஏத்தம்னு எழுதவே இல்லயே தம்பி. மலையில கிலோமீட்டர் பாதி கணக்குதான். மூட்டை கட்டின சைக்கிள்ல சாதாரணமா ஓட்டுற ஆளு மணிக்கு 400, 500 மீட்டர் உயரம் ஏறுவார், அதுக்கு மேல ஏறுனா சந்தோஷம். உங்க 100 கிலோமீட்டர்ல 2,000 மீட்டர் ஏத்தம் இருந்தா ஏறுறதுக்கு மட்டுமே நாலஞ்சு மணி நேரம் போயிரும், சமதளம், சாப்பாடு, பஞ்சர் எல்லாம் தனி. முதல் ரெண்டு நாளைக்கு 1,000 மீட்டரோட நிறுத்திக்கோங்க. மூணாவது நாள் கால் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு ஏத்திக்கலாம்.

கே: 10 கிலோமீட்டர் ஏத்தம், சராசரி 5 சதவீதம்னு ஆப்ல காட்டுது. 5 சதவீதம்னா லேசுதான?

ப: வந்துட்டீங்களா! இந்த சராசரியை நம்பி நடுரோட்டுல நின்னவங்கள்ல நானும் ஒருத்தன், அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன்.

10 கிலோமீட்டர்ல 500 மீட்டர் ஏறுனா சராசரி 5 சதவீதம், கணக்கு சரிதான். ஆனா அதுல முதல் 3 கிலோமீட்டர் ஆத்தங்கரையோரம் சமமா போகுது, நடுவுல ஒரு கிலோமீட்டர் 50 மீட்டர் இறங்குதுன்னு வச்சுக்கோங்க. மிச்சம் இருக்கற 6 கிலோமீட்டர்ல நீங்க 550 மீட்டர் ஏறணும், அதாவது 9 சதவீதத்துக்கும் மேல. ஆப்ல அப்பவும் 5தான் காட்டும். பிரான்ஸ்ல மான்ட் வென்டூ மலை இருக்கே, பெடுவான் ஊர்ப் பக்கத்துல இருந்து ஏறுனா 21 கிலோமீட்டருக்கு சராசரி ஏழரை சதவீதம்னு போடுவாங்க. முதல் அஞ்சாறு கிலோமீட்டர் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுல சும்மா நாலு சதவீதம் போல போகும், "இதுக்கா இவ்ளோ பில்டப்பு"ன்னு தோணும், அப்புறம் காட்டுக்குள்ள திரும்புனதும் 9, 10 சதவீதம்னு விடாம ஒம்போது பத்து கிலோமீட்டர், மூச்சு வாங்க ஒரு சமதளம் கிடைக்காது.

என் கதை 14 கிலோமீட்டர், சராசரி 6. முதல் 11 கிலோமீட்டர் பாட்டு பாடிட்டே ஏறிட்டேன், கடைசி 3 கிலோமீட்டர்ல 12 சதவீதம் காத்துட்டு இருந்துச்சு. இறங்கித் தள்ளுனேன். கிளீட் (பெடல்ல மாட்டற கொக்கி) போட்ட ஷூ தார்ல வழுக்குது, ஒவ்வொரு எட்டுக்கும் பன்னியர் (வீலுக்குப் பக்கத்துல தொங்கற பை) வலது கெண்டைக்கால்ல இடிக்குது, ஒரு இடத்துல பிரேக்கைப் புடிச்சுக்கிட்டு சைக்கிள் மேலயே சாஞ்சு நின்னுட்டேன், விட்டா அது பின்னாடி உருண்டுரும். மூணு கிலோமீட்டருக்கு ஒண்ணேகால் மணி நேரம்.

இதுல ஆப் காட்டுற உயரமும் முழுசா நம்பற மாதிரி இருக்காது. அது ரோட்டை அளக்கறதில்ல, பல நேரம் நிலத்தோட உயர மேப்பைத்தான் பாக்குது. ரோடு டனலுக்குள்ள போனாலும் அது மலை மேல ஏறி இறங்குற மாதிரி கணக்கு போட்டு வைக்கும், பாலம் வந்தா பள்ளத்துக்குள்ள இறங்கி ஏறும். ஒரே ரூட்டை ரெண்டு ஆப்ல போட்டு பாருங்க, ஒரு நாள் ஏத்தத்துல 100, 200 மீட்டர் வித்தியாசம் வர்றது சர்வசாதாரணம். அதனால சராசரியைத் தூக்கிப் போட்டுட்டு, கிலோமீட்டர் கிலோமீட்டரா புரொஃபைலைப் (ஏத்த இறக்கத்தைக் காட்டுற படம்) பாருங்க. ரொம்ப செங்குத்தான ஒரு கிலோமீட்டர் எது, அது தொடக்கத்துல இருக்கா கடைசியில இருக்கா, இத மட்டும் ஒரு துண்டு பேப்பர்ல எழுதி ஹேண்டில்பார்ல ஒட்டிக்கோங்க.

கே: கியர்ல முன்னாடி 34 பல், பின்னாடி 28 பல். டூருக்கு போதுமா?

ப: வெறும் சைக்கிள்னா போதும், மூட்டையோட போதாது. ஆளு, சைக்கிள், பை எல்லாம் சேத்து 110 கிலோன்னு வைங்க. அந்த கியர்ல கேடன்ஸ் 60ல, அதாவது நிமிஷத்துக்கு 60 சுத்து, மிதிச்சாலே மணிக்கு ஒம்போதரை கிலோமீட்டர் வேகம் வந்துரும், 9 சதவீத ஏத்தத்துல அதுக்கு 250 வாட்டுக்கு மேல வேணும். நம்மள்ல எத்தனை பேரால ஒரு மணி நேரம் அதைக் குடுக்க முடியும்? முன்னாடி 22, பின்னாடி 34 போட்டா அதே 60 கேடன்ஸ்ல 5 கிலோமீட்டர் வேகம், 140 வாட் போதும். மெதுவாதான் போகும், போகட்டுமே. "மிதிச்சு மிதிச்சு கால் பழகிரும்"னு எழுதிருக்கீங்க, கால் பழகறதுக்குள்ள முட்டி போயிரும்.

கே: இறக்கத்துல பயமா இருக்கு, பிரேக்கை லேசா புடிச்சுட்டே வரேன். தப்பா?

ப: தப்பு, இத எத்தனையாவது தடவை சொல்றேன்னு எனக்கே தெரியல. லேசா புடிச்சுட்டே இருந்தா சூடு ஆறவே ஆறாது. ரிம் பிரேக்னா (வீல் வளையத்தையே புடிக்கறது) சூடு டியூபுக்குப் போயி ஒரு கொண்டை ஊசி வளைவுல பட்டாசு மாதிரி வெடிக்கும், டிஸ்க்னா (நடுவுல இருக்கற தட்டைப் புடிக்கறது) பேட், அதாவது பிரேக் கட்டை, மினுமினுன்னு ஆயி புடிப்பு போயிரும். வளைவுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் சேத்து அழுத்தமா புடிச்சு வேகத்தைக் கொறைங்க, அப்புறம் முழுசா விட்டுருங்க, காத்து பட்டு ஆறட்டும். வேகம் பயமா இருந்தா நடுநடுவுல நின்னு போங்க, யாரும் சிரிக்க மாட்டாங்க. கார்பன் ரிம்ல ரிம் பிரேக்கு, அதுல மூட்டையும் கட்டி மலை இறங்கணும்னு கேட்டிருக்கற இன்னொருத்தருக்கு: வேணாம்ங்க. எல்லாருக்கும் சேத்து சொல்றேன், உச்சியில பேட் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பாக்காம ஒரு அடி கூட கீழ உருட்டாதீங்க.

கே: கீழ நல்ல வெயில், ஜாக்கெட் எதுக்கு சொமக்கணும்?

ப: ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும். வேர்வையில நனைஞ்ச சட்டையோட மணிக்கு 50ல இறங்கிப் பாருங்க, விரல் விறைச்சுப் போயி பிரேக் லிவரே தெரியாது. விண்ட் ஜாக்கெட்டும் முழு கிளவுஸும் இல்லாம மலைக்குப் போகாதீங்க.

கே: காலையில எத்தனை மணிக்கு கெளம்பலாம்?

ப: வெளிச்சம் வந்ததும். மலையில இடி மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதான் கட்டும், அதுக்குள்ள கணவாயைத் தாண்டிரணும். இன்னொண்ணும் இருக்கு, வெயில் ஏற ஏற பள்ளத்தாக்குல காத்து கீழ இருந்து மேல வீசும், அதனால சாயங்காலம் பள்ளத்தாக்கு வழியா இறங்கறவனுக்கு எதிர்காத்து. இறக்கம்தானன்னு கடைசி 40 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துல முடிச்சுரலாம்னு கணக்கு போட்டிருக்கற அம்மணி, ரெண்டு மணி நேரம் வச்சுக்கோங்க.

கே: 4,000 மீட்டர் கணவாய் ஒண்ணு ரூட்ல வருது. ஃபிட்டா இருக்கேன், நேரா ஏறிரலாமா?

ப: உயரத்துக்கு ஃபிட்னஸ் தெரியாது. 3,000 மீட்டருக்கு மேல ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் படுக்கற இடம் 500 மீட்டருக்கு மேல கூடக் கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு நாள் ரெஸ்ட். தலைவலியோட வாந்தியும் வந்தா மேல ஏறக் கூடாது, குறையலன்னா இறங்கணும். நடை தள்ளாடுனாலோ, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குனாலோ அந்த நிமிஷமே இறங்கணும், விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. உயரத்துக்கான மாத்திரை பத்தி டாக்டரைக் கேளுங்க.

கே: கொண்டை ஊசி வளைவுல ஏறும்போது உள்பக்கமா வெளிப்பக்கமா?

ப: உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் படுக்கை. உங்க லேனுக்குள்ள எவ்ளோ வெளிய வர முடியுமோ அவ்ளோ. நடுக்கோட்டைத் தாண்டாதீங்க, மேல இருந்து வர்றவனுக்கு நீங்க தெரிய மாட்டீங்க.

கே: இறக்கத்துல 45 தாண்டுனா ஹேண்டில் தடதடன்னு ஆடுது.

ப: மூட்டை பூரா பின்னாடி கட்டிருப்பீங்க. கொஞ்சத்தை முன் வீல் பக்கம் தாழ்வா மாத்துங்க, ரேக் போல்ட்டு, ஹெட்செட் (ஹேண்டில் திரும்புற இடத்து பேரிங்) லூஸா இருக்கான்னு பாருங்க. ஓடும்போது ஆட ஆரம்பிச்சா ஹேண்டிலை இறுக்காதீங்க, முட்டியால டாப் டியூபை (ஃப்ரேமோட மேல் கம்பி) அணைச்சுக்கிட்டு பின் பிரேக்கை மெல்லப் புடிங்க.

கே: மேல போகப் போக டயர் காத்தைக் குறைக்கணுமா?

ப: வேணாம். 3,000 மீட்டர்ல டயர் அழுத்தம் நாலஞ்சு பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) கூடும், குளிர்ல அது கழிஞ்சே போயிரும்.