ஒரு ஹார்ட் டிஸ்கிலிருந்து இன்னொன்றுக்கு: பேக்கப் மென்பொருள் பற்றிய கேள்வி பதில்

ஸ்டுடியோக்களுக்கும் அச்சகங்களுக்கும் கணினி வேலை பார்ப்பவன் நான். பதினைந்து வருடமாக வாரத்துக்கு ஒரு முறையாவது யாராவது ஒருவர் ஹார்ட் டிஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கிப்போய் வந்து நிற்கிறார். யூஎஸ்பி டிஸ்கிலிருந்து இன்னொரு யூஎஸ்பி டிஸ்குக்கு நகல் எடுப்பது பற்றி மட்டும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே (திருமணப் புகைப்படக்காரர், கும்பகோணம்): அண்ணா, 4 டிபி டிஸ்க் ரெண்டு இருக்கு. ஒன்றில் வேலை, இன்னொன்றில் நகல். இதுவரை காப்பி-பேஸ்ட்தான். விண்டோஸ் 11. இலவசமாக எந்த மென்பொருள் நல்லது?

ப: தம்பி, உங்களுக்கு ஃப்ரீஃபைல்சிங்க் போதும். காப்பி-பேஸ்ட்டில் என்ன சிக்கல் என்றால், முப்பதாயிரம் படம் உள்ள ஃபோல்டரை இரண்டாவது முறை போடும்போது "மாற்றவா, விடவா" என்று கேட்கும், நீங்கள் அவசரத்தில் "விடு" என்று சொல்வீர்கள், நேற்று ராத்திரி திருத்திய ஆல்பம் ஃபைலுக்கும் அதே பெயர் என்பதால் அது நகலுக்குப் போகவே போகாது. நடுவில் கரண்ட் போனால் எதுவரை போனது என்பதும் தெரியாது.

ஃப்ரீஃபைல்சிங்கில் இடப்பக்கம் வேலை டிஸ்க், வலப்பக்கம் நகல் டிஸ்க். முதலில் ஒப்பிடச் சொல்லுங்கள். எந்த ஃபைல் புதிது, எது மாறியிருக்கிறது, எது ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது என்று பட்டியல் வரும், நடுவில் அம்புக்குறி இருக்கும். இதுவரை ஒரு ஃபைலைக்கூட அது தொட்டிருக்காது. அந்தப் பட்டியலில் எத்தனை ஃபைல் அழியப்போகிறது என்ற எண்ணைப் பார்த்த பிறகுதான் அடுத்த பொத்தான். அன்றைக்கு நீங்கள் எதையுமே அழிக்கவில்லை, ஆனால் அங்கே 4,000 என்று இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

அமைப்பில் இரண்டு விஷயம். முறை 'மிரர்' என்று வையுங்கள் (நகலை வேலை டிஸ்க் போலவே ஆக்கும், அங்கே இல்லாததை இங்கே அழிக்கும்), ஆனால் அழியும் ஃபைல்களை என்ன செய்வது என்ற இடத்தில் 'வெர்ஷனிங்' தேர்ந்தெடுத்து, நகல் டிஸ்கிலேயே 'பழையவை' என்று தனி ஃபோல்டர் காட்டுங்கள் (நகல் ஃபோல்டருக்கு உள்ளே வேண்டாம், வெளியே). பெயரிடும் முறையில் 'டைம் ஸ்டாம்ப்' வைத்தால், அழிந்ததும் மேலெழுதப்பட்டதும் தேதி நேரத்தோடு அங்கே போய் உட்காரும். இரண்டாவது, டிரைவ் எழுத்தை நம்பாதீர்கள். டிஸ்க் இரண்டையும் செருகும் வரிசை மாறினால் விண்டோஸ் நேற்றைய E-யை இன்று F ஆக்கிவிடலாம். 2014-இல் ஒரு ஸ்டுடியோவில் எனக்கு இதுதான் நடந்தது. பாதி காலியான பழைய நகல் டிஸ்க் மூலமாகிவிட, வேலை டிஸ்கிலிருந்து ஒரு காதுகுத்து வீடியோ முழுக்கப் போனது. அந்தக் குழந்தையின் அப்பாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். ஃப்ரீஃபைல்சிங்கில் டிரைவ் எழுத்துக்குப் பதிலாக டிஸ்கின் பெயரைச் சதுர அடைப்புக்குள் கொடுக்கலாம். ஒன்றுக்கு VELAI என்றும் இன்னொன்றுக்கு NAGAL என்றும் பெயர் வைத்து, டிஸ்கின் மேலேயே ஸ்டிக்கரும் ஒட்டிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் நகல் டிஸ்கிலிருந்து நாலு படம் திறந்து பாருங்கள். திறந்து பார்த்துவிட்டுக் கழற்றி வையுங்கள்.

கே (பள்ளி ஆசிரியை, கரூர்): சார், ஒரே டிஸ்கை ரெண்டு பார்ட்டிஷனாகப் பிரித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்கிறேன். சரிதானே?

ப: இல்லை அம்மா. டிஸ்க் கீழே விழுந்தால் இரண்டும் சேர்ந்துதான் போகும். சின்னதாக இருந்தாலும் இன்னொரு டிஸ்க் வாங்குங்கள்.

கே (சென்னை): டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடுகிறது. எந்த சாஃப்ட்வேர் போட்டால் மீட்கலாம்?

ப: எதுவும் போடாதீர்கள், மறுபடி கரண்ட்டும் கொடுக்காதீர்கள். அது மீட்பு வேலை, அதற்கென்று ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர்களிடம் கொண்டுபோங்கள்.

கே (ஆய்வு மாணவி, யாழ்ப்பாணம்): அண்ணா, என்னுடைய பழைய மேக்கில் ஸ்கேன் செய்த ஊர் மலர்களுக்கு எல்லாம் தமிழில்தான் பெயர். ஆர்சிங்க் என்ற நகல் கருவி மூலம் ஆய்வகத்து லினக்ஸ் கணினியில் செருகிய டிஸ்குக்கு அனுப்புகிறேன். 'கொக்குவில்', 'கோப்பாய்' ஃபைல்கள் எல்லாம் ஒரே பெயரில் ரெண்டு ரெண்டாக நிற்கின்றன. 'வல்வெட்டித்துறை' மட்டும் ஒன்றுதான். ஏன்?

ப: இன்றைக்கு வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் தங்கச்சி. காரணம் அந்த எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. எழுத்துகளுக்குக் கணினி கொடுக்கும் எண் முறையான யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுத முடியும். க-வுக்குப் பிறகு ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம், அல்லது முன்னால் நிற்கும் கொம்பையும் பின்னால் நிற்கும் காலையும் இரண்டு குறியீடாகப் பிரித்துப் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கோ, கௌ வரிசைக்கும் இதே கதை. பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் அமைப்பு, பெயரைச் சேமிக்கும்போது எப்போதுமே பிரித்துத்தான் வைக்கும். லினக்ஸோ கொடுத்த பைட்டை அப்படியே வைத்துக்கொள்ளும், ஒப்பிட்டுப் பார்க்காது. ஆகவே லினக்ஸில் தட்டச்சு செய்த 'கொக்குவில்' ஒன்று, மேக்கிலிருந்து வந்த 'கொக்குவில்' இன்னொன்று. 'வல்வெட்டித்துறை'யில் ஒ, ஓ, ஔ வரிசைக் குறி எதுவும் இல்லாததால் தப்பித்தது.

வழி: ஆர்சிங்கில் ஐகான்வ் என்ற விருப்பம் இருக்கிறது, அதில் மேக் பக்கம் யூடிஎஃப்-8-மேக், லினக்ஸ் பக்கம் யூடிஎஃப்-8 என்று கொடுத்தால் போகிற வழியிலேயே சேர்த்துவிடும். பழைய மேக்கோடு வந்த ஆர்சிங்க் 2.6.9-இல் இது கிடையாது, 3-ஆம் பதிப்பைத் தனியாக நிறுவ வேண்டும். ஏற்கெனவே இரட்டையானவற்றை லினக்ஸில் கான்வ்எம்வி என்ற கருவியால் சரி செய்யலாம், அது முதலில் என்ன மாற்றப்போகிறது என்று காட்ட மட்டும் செய்யும். இரண்டில் எது புதியது என்று திறந்து பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸின் எக்ஸ்ட்4 டிஸ்கில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 85 குறியீட்டோடு முடிந்தது. மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனியாக எண்ணப்படும். மலரின் முழுத் தலைப்பையும் ஃபைல் பெயராக வைத்தால் "பெயர் நீளம்" என்று சொல்லி ஆர்சிங்க் அந்த ஃபைலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கடைசியில் வரும் பிழைச் செய்தியைப் படிக்காமல் திரையை மூடாதீர்கள்.

கே (திருச்சி): இலவசத்தில் பெஸ்ட் எது சார்?

ப: கும்பகோணம் தம்பிக்கு மேலே சொல்லியிருக்கிறேன்.

கே (ஐடி சப்போர்ட், கோவை): எதற்கு தனி மென்பொருள்? விண்டோஸிலேயே ரோபோகாப்பி என்ற கட்டளைக் கருவி இருக்கிறது. எம்ஐஆர் சுவிட்ச் போட்டு ஒரு வரி, பேட்ச் ஃபைலாக வைத்து, டாஸ்க் ஷெட்யூலரில் தானாக ஓட விட்டால் போதும். ஆறு வருடமாக ஆடிட்டர் ஆபீஸில் ஓடுகிறது.

ப: ரோபோகாப்பி நல்ல கருவி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதை அப்படியே ஓட்டாதீர்கள். திறக்க முடியாத ஒரு ஃபைல் வந்தால் அது இயல்பாக 10 லட்சம் தடவை, தடவைக்கு 30 விநாடி காத்திருந்து முயலும். கணக்குப் போட்டால் 347 நாள். ஆர் 1, டபிள்யூ 1 (ஒரே ஒரு மறுமுயற்சி, ஒரு விநாடி காத்திருப்பு) என்று கட்டாயம் கொடுங்கள். முதலில் எல் சுவிட்ச் போட்டு ஓட்டுங்கள், என்ன செய்யப்போகிறது என்று பட்டியல் மட்டும் தரும். என் பெரிய கவலை எம்ஐஆர். மூலத்தில் இல்லாதது நகலிலும் அழியும். ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாது.

கோவை: அதுதானே மிரர்? ரெண்டு டிஸ்கும் ஒரே மாதிரி இருந்தால்தான் சுத்தம். பழையதை எல்லாம் சேர்த்துவைத்தால் டிஸ்க் நிறைந்துவிடும்.

ப: மார்ச் மாதம் ஒரு பையன் தவறுதலாக ஒரு கம்பெனியின் ஃபோல்டரை அழிக்கிறான் என்று வையுங்கள். யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை உங்கள் பேட்ச் ஃபைல் ஓடுகிறது, நகலிலும் போயிற்று. செப்டம்பரில் நோட்டீஸ் வரும்போது தேடினால் இரண்டு டிஸ்கும் ஒரே மாதிரி சுத்தமாக இருக்கும். எந்த மென்பொருளை யார் காட்டினாலும் நான் முதலில் கேட்பது, மூலத்தில் ஒரு ஃபைல் அழிந்தால் நகலில் அதற்கு என்ன ஆகும் என்பதுதான்.

கே (வீடியோ எடிட்டர், மதுரை): நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். கோவைக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் வெர்ஷனிங் வைத்து மூன்றே மாதத்தில் 2 டிபி நிறைந்தது. சேர்ப்பது மட்டும், அழிப்பதே இல்லை என்று வைத்தால் என்ன?

ப: சேர்ப்பது மட்டும் என்று வைத்தால், 300 ஜிபி ஃபோல்டருக்கு நீங்கள் பெயர் மாற்றிய அன்றே நகலில் பழைய பெயரிலும் புதிய பெயரிலும் 600 ஜிபி ஆகும். உங்கள் விஷயத்தில் நிறைத்தது ரெண்டர் கேஷும் ப்ராக்ஸி ஃபைலும்தான். அவற்றை விலக்குப் பட்டியலில் போடுங்கள், மறுபடி உருவாக்கிக்கொள்ளக் கூடியதற்கு நகல் எதற்கு? பிறகு 'பழையவை' ஃபோல்டரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீங்களே பார்த்துக் கழியுங்கள்.

கோவை: வெர்ஷன் எல்லாம் இருந்தும் திரும்ப எடுக்க முடியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ப: நானும் பார்த்திருக்கிறேன், இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு இருந்தும் ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை. அதில் ஒன்று பதிப்பு பொருந்தாமல் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, போய்ப் பார்த்தால் சேமிக்கும் இடம் காலி. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த நகல் ஒன்று காப்பாற்றியது. அதனால்தான் ஆளுக்கு ஆள் திறந்து பாருங்கள், திறந்து பாருங்கள் என்று சொல்கிறேன். மாதம் ஒரு முறை நகலிலிருந்து ஒரு ஃபோல்டரை வேறு கணினியில் எடுத்து வேலை செய்து பாருங்கள்.

கே (சேலம்): எந்த மென்பொருள் இலவசம், நல்லது?

ப: மேலே இருக்கிறது, தயவுசெய்து படியுங்கள்.

கே (ஈரோடு): ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்கிலும் எழுதும் ரெய்டு 1 பெட்டி வாங்கினால் இந்தத் தலைவலி இல்லையே?

ப: ஒரு டிஸ்க் செத்தால் அது காப்பாற்றும். நீங்கள் அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். பேக்கப் தனியாக வேண்டும்.

கே (அச்சக உரிமையாளர், சிவகாசி): நகல் டிஸ்கை எப்போதும் செருகியே வைத்திருக்கிறேன். வசதியாக இருக்கிறது.

ப: கழற்றுங்கள் ஐயா. 2017 மே மாதம் ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் வந்தபோது செருகியிருந்த டிஸ்கையும் சேர்த்துத்தான் பூட்டியது. ஒரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டுடியோவில் மூலமும் நகலும் ஒரே மேசை டிராயரில் மூழ்கின.

கே (புதுச்சேரி): நகல் சரியாக விழுந்ததா என்று எப்படி உறுதி செய்வது? தேதியும் அளவும் ஒன்றாக இருந்தால் போதாதா?

ப: தினசரிக்குப் போதும். வருடத்துக்கு இரண்டு முறை ஃப்ரீஃபைல்சிங்கில் 'உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிடு' என்று ஓட்டுங்கள், ஒவ்வொரு பைட்டையும் படித்துப் பார்க்கும். விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டிபி முடிய மூன்று மணி நேரம் பிடிக்கும், ராத்திரி விட்டுவிடலாம். நகல் எடுத்த கையோடு ஒப்பிடாதீர்கள், இப்போதுதான் எழுதியதை விண்டோஸ் மெமரியிலிருந்தே எடுத்துக் காட்டிவிடலாம். டிஸ்கைக் கழற்றிச் செருகிவிட்டு ஓட்டினால்தான் உண்மையில் டிஸ்கிலிருந்து படிக்கும்.

கே (நெல்லை): ஃப்ரீயா ஒரு நல்ல பேக்கப் சாஃப்ட்வேர் சொல்லுங்க.

ப: நான்காவது தடவை இது. ஃப்ரீஃபைல்சிங்க். முதல் பதில்.

கே (பெங்களூரு): வீட்டில் மேக்கும் விண்டோஸும் இருக்கின்றன. டிஸ்கை எப்படி ஃபார்மட் செய்வது?

ப: எக்ஸ்ஃபேட். என்டிஎஃப்எஸ் டிஸ்கை மேக் படிக்கும், தானாக எழுதாது. ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் போகாது. ஆனால் எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (நடக்கும் மாற்றத்தைக் குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது, எழுதிக்கொண்டிருக்கும்போது வயரைப் பிடுங்கினால் அடி பலமாக விழும். விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ்தான்.

கோவை: மறுபடி நான்தான். நீங்கள் சொன்னபடி எல் சுவிட்ச் போட்டு இப்போது ஆபீஸ் டிஸ்கில் ஓட்டினேன். நகலில் மட்டும் இருக்கிறது, அழியப்போகிறது என்று 1,140 ஃபைல் காட்டுகிறது. பாதிக்கு மேல் 2019 ஆடிட் ஃபோல்டர். மூலத்தில் அது இல்லை. யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. நாளை காலை பேட்ச் ஃபைல் தானாக ஓடும்.

ப: முதலில் டாஸ்க் ஷெட்யூலரில் அதை நிறுத்துங்கள். நகல் டிஸ்கைக் கழற்றிவிட்டு, மூன்றாவதாக ஒரு டிஸ்க் எடுத்துவாருங்கள். பிறகு நகல் டிஸ்கை மட்டும் செருகி, அதை மூலமாக வைத்து, எம்ஐஆர் இல்லாமல் ஈ சுவிட்ச் மட்டும் (உள்ஃபோல்டர்களையும் நகலெடுக்கும், எதையும் அழிக்காது) போட்டு, புது டிஸ்கில் ஒரு காலி ஃபோல்டருக்கு எல்லாவற்றையும் இறக்குங்கள். 2019 ஃபோல்டரில் பத்து ஃபைலையாவது திறந்து பாருங்கள். அது முடிந்தபின் ஆபீஸில் விசாரியுங்கள், அதுவரை வேலை டிஸ்கில் யாரும் எதையும் எழுத வேண்டாம். ராத்திரி எத்தனை மணி ஆனாலும் விழித்திருக்கிறேன், முடிந்ததும் சொல்லுங்கள்.