பழைய ஹீரோ இடத்துல புது ஆளு: கேள்வி பதில்

வணக்கம். சூப்பர்ஹீரோவ மாத்தினா ஃபேன்ஸ் ஏன் கொதிக்கிறாங்க, அதப் பத்தி கேளுங்க. பினாங்குல இருந்து ரொம்ப வருஷமா படிக்கிறவன், தெரிஞ்சத சொல்றேன். ஒரே வேண்டுகோள்: வாட்ஸாப்ல வந்த ஒத்த பேனல பாத்துட்டு திட்டாதீங்க, இதழ முழுசா படிங்க.

ஈப்போ வாசகர்: அண்ணே, மாத்தினாலே எதிர்ப்புதானா?

இல்ல தம்பி. 1956-ல ஷோகேஸ் 4-ஆம் இதழ்ல புது ஃப்ளாஷ் வந்தாரு, பேரி ஆலன். 1940 ஃப்ளாஷ் ஜே கேரிக் வேற ஆளு. அந்தக் கதையில பேரி கையில இருக்கிறதே ஜே கேரிக்கோட பழைய காமிக்ஸ்தான், அத ரசிச்சு படிச்சவருதான் அந்தப் பேர எடுத்துக்கிறாரு. 1961-ல ரெண்டு பேரும் ஒரே இதழ்ல சந்திச்சாங்க. பெரியவருக்கு மரியாதை குறையல, புது ஆளும் நின்னுட்டாரு.

பட்டர்வொர்த் வாசகர்: அப்ப கிரீன் லேன்டர்ன் விஷயத்துல மட்டும் ஏன் அவ்ளோ கோவம்?

இதுக்குத்தான் காத்திருந்தேன். கிரீன் லேன்டர்ன்னா சக்தி மோதிரம் போட்ட ஹீரோ, பழைய ஆளு ஹால் ஜோர்டான், அவரு இடத்துக்கு வந்தவன் கைல் ரெய்னர். 1994, இதழ் 48-லிருந்து 50 வரைக்கும். அதுக்கு முந்தி ஹால் ஜோர்டானோட ஊரு கோஸ்ட் சிட்டி அழிஞ்சு போச்சு. மோதிரத்த வச்சு ஊர திரும்ப உருவாக்கிப் பாக்குறாரு, அப்பா உருவம் முதற்கொண்டு, மோதிரம் குடுத்த தலைவர்கள் கார்டியன்ஸ் அத தப்புன்னு சொல்லி மோதிரத்த கேக்குறாங்க. மனுசன் உடைஞ்சிட்டாரு. வழியில மறிக்கிற சக வீரர்கள அடிச்சு மோதிரத்த பிடுங்கிட்டே போறாரு, 49-ஆம் இதழ் அட்டையில விரல் பூரா மோதிரம். 50-ல கூட்டாளி கிலோவாக்கயே கொன்னுடுறாரு. முப்பது வருஷத்துக்கு மேல நாம நம்பின ஆளு மூணே இதழ்ல கொலைகாரன்! நான் பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடிப்படியில உக்காந்து அந்த இதழ படிச்சேன், வீட்டுக்குப் போய் சாப்பாடு இறங்கல. கைல் ரெய்னர் நல்ல பையன், ஓவியன், அவன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா அவனுக்கு இடம் விடணும்னு பெரியவர கெடுத்தாங்க பாருங்க, அதத்தான் ஃபேன்ஸ் மன்னிக்கல. ஹால திரும்பக் கொண்டாங்கன்னு ஹீட்னு பேரு வச்சு ஒரு குழுவே கட்டினாங்க. 2004-ல ரீபர்த் கதை ஆரம்பிச்சு அவர மீட்டாங்க.

ஷா ஆலம் வாசகர்: மைல்ஸ் மொராலஸ் வந்ததால பீட்டர் பார்க்கர் செத்துட்டாரா?

2011-ல செத்தது அல்டிமேட்னு தனியா ஓடுற இன்னொரு கதை உலகத்து ஸ்பைடர்மேன் பீட்டர், மைல்ஸ் அந்த உலகத்துல வந்த புது ஸ்பைடர்மேன். நாம சின்ன வயசுலிருந்து படிக்கிற பீட்டர் இன்னும் இருக்காரு.

செராஸ் வாசகர்: ஃபேன்ஸ் சொன்னா கம்பெனி கேக்குமா?

1988-ல பேட்மேனோட கூட்டாளி ராபின் சாகணுமா வேணாமான்னு டிசி காமிக்ஸ் கம்பெனி ரெண்டு போன் நம்பர் குடுத்துச்சு. சாகணும்னு 5,343, பிழைக்கணும்னு 5,271. வெறும் 72 ஓட்டுல அப்ப ராபினா இருந்த ஜேசன் டாட் போயிட்டான். அதனால கேக்குறத யோசிச்சு கேளுங்க.

கோலாலம்பூர் வாசகி: அண்ணா, இந்திய ஸ்பைடர்மேன் பத்தி?

2004-ல வந்த பவித்ர் பிரபாகர், வேட்டி கட்டி மும்பைல பறப்பான். பீட்டரோட மே அத்தை இதுல மாயா ஆனாங்க, காதலி மேரி ஜேன் மீரா ஜெயின் ஆனா. வேட்டி எனக்குப் பிடிச்சுது மா, ஆனா பேர மட்டும் மாத்தினா போதாது, கதையும் அந்த மண்ணுல முளைக்கணும். கமலா கான பாருங்க, 2014 மிஸ் மார்வெல். ஜெர்சி சிட்டி வீடு, கண்டிப்பான அம்மா, எல்லாமே அவளோடது. முந்தின மிஸ் மார்வெல் கேரல் டான்வர்ஸ்தான் அவளுக்கு ஆதர்சம். மரியாதை இருக்கு, அதான் ஒட்டிக்கிச்சு.

கிள்ளான் வாசகர்: பீட்டர கொன்னுட்டு மைல்ஸ கொண்டாந்தது நியாயமா?

மேல சொல்லிட்டேன்.

தைப்பிங் வாசகர்: எத மாத்தினாலும் நம்ம வேதாளர், அதான் ஃபாண்டம், மட்டும் மாறவே இல்ல, அதான் பெருமை.

ஐயா, அப்படி சொல்லாதீங்க. 1936-லிருந்து லீ ஃபால்க் சொன்ன கதையே மாறுறதப் பத்திதான். நாம படிக்கிறது 21-ஆவது வேதாளர். சாகாத ஒரே ஆளுன்னு காடே நம்புது, மகன்தான் முகமூடிய எடுத்து மாட்டிக்கிறான்னு நமக்கு மட்டும் தெரியும்.

தைப்பிங் வாசகர்: அது பரம்பரை தம்பி. ரத்தம் ஒண்ணு, மண்டையோட்டு மேல செய்ற சத்தியம் ஒண்ணு. வேற ஆள கொண்டாந்து உக்கார வைக்கிறதும் அதுவும் ஒண்ணா?

சத்தியம் ஒண்ணுங்கிறது நல்ல பாயிண்ட் ஐயா, ஒத்துக்கிறேன். ஆனா 17-ஆவது வேதாளர் அடிபட்டுக் கிடந்தப்ப கூடப்பிறந்த ஜூலி அந்த உடைய போட்டு இறங்கினா. பொம்பள பிள்ள, வாரிசு வரிசையிலயும் இல்ல. எழுதினது லீ ஃபால்க்கேதான். ரத்தத்த விட சத்தியம் பெருசுன்னு நான் எடுத்துக்கிறேன்.

தைப்பிங் வாசகர்: ஜூலியும் அதே வீட்டுப் பிள்ளதானே!

சரி, அந்த இடத்துல நீங்க ஜெயிச்சிட்டீங்க. சத்தியத்த நான் விடமாட்டேன்.

பூச்சோங் வாசகர்: மைல்ஸ் வந்ததால பீட்டர்...

ஐயா, மூணாவது தடவ. மேல ஏறிப் போய் படிங்க.

ரவாங் வாசகர்: புது நம்பர் ஒண்ணு இதழ் வாங்கி வச்சா வில ஏறுமா?

வில எனக்குத் தெரியாது. படிக்க வாங்குங்க.

ஜெலுத்தோங் வாசகர்: பழசு சௌராஸ்தாவுல கிடைக்குமா?

மாடிக்கு ஏறுங்க, பழைய புத்தகக் கடைங்க வரிசையா இருக்கும். கேட்டுட்டு பிளாஸ்டிக்க கழட்டிப் பாருங்க, நம்ம ஊரு ஈரத்துக்கு பின்னு துருப்பிடிச்சு நடுப்பக்கம் கையோட வந்துடும்.