வாசகர் கேள்விகள்: கரெல் ஹார்ட்மன்

கேள்வி: 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கியில் ஒரே ஒரு கோல் அடித்த அணி வெண்கலம் வென்றதாமே? அந்த அணியிலிருந்த யூத வீரர் நாஜிகளால் கொல்லப்பட்டாரா?

பதில்: இரண்டும் உண்மை. வீரர் கரெல் ஹார்ட்மன். 1885 ஜூலை 6 அன்று பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி) பிர்ஷிப்ராமில் பிறந்தவர். ஆன்ட்வெர்ப்பில் ஆடப்போனபோது வயது 34. அவருடைய செக்கோஸ்லோவாகிய அணி கனடாவிடம் 15-0, அமெரிக்காவிடம் 16-0 என்று தோற்றது. 31 கோல் வாங்கிய அணிக்குப் பதக்கம் எப்படி? தங்கத்துக்கான நாக்-அவுட் முடிந்ததும், தங்கம் வென்ற அணியிடம் தோற்றவர்கள் வெள்ளிக்கு மோத வேண்டும். பிறகு தங்க, வெள்ளி அணிகளிடம் தோற்றவர்கள் வெண்கலத்துக்கு. ஆக, கனடாவிடம் தோற்றதே அவர்களுக்கு அடுத்த கதவைத் திறந்தது. கடைசி ஆட்டத்தில் ஸ்வீடனை 1-0 என்று வென்றார்கள். கோல் அடித்தவர் யோசெஃப் ஷ்ரோபெக்.

பெரிய வித்தியாசத் தோல்விகளைப் பார்த்து அந்த அணியை மட்டமாக எடைபோடாதீர்கள். அணிக்கு ஏழு பேர், தலா 20 நிமிடமாக இரண்டு பாதி, மாற்று ஆட்டக்காரர் கிடையாது. களைத்தவரே கடைசிவரை சறுக்கியாக வேண்டும். ஒருவர் அடிபட்டு வெளியேறினால் எதிரணியும் ஒருவரைக் குறைத்துக்கொள்ளும்.

கேள்வி: ஹார்ட்மன் 1944 அக்டோபர் 16 அன்று ஆஷ்விட்ஸில் இறந்தார் என்கிறார்கள். முகாமில் இதைக் குறித்து வைத்தார்களா?

பதில்: ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதை முகாமில், ரயிலிலிருந்து இறங்கியவுடன் விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்களுக்குக் கைதி எண் தரப்படவில்லை, மரணப் பதிவும் எழுதப்படவில்லை. முதியவர்களும் குழந்தைகளும் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் நின்றார்கள். ஹார்ட்மனுக்கு 59 வயது. இப்படிப் போனவர்களுக்குப் பல பட்டியல்கள் ரயில் புறப்பட்ட நாளையே இறந்த நாளாக எழுதிவிடுகின்றன. 1944 அக்டோபர் 16 அன்றுதான் செக் மண்ணில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த தெரேசின் முகாமிலிருந்து 1,500 பேருடன் 'ஈ-ஆர்' என்ற ரயில் ஆஷ்விட்ஸுக்குக் கிளம்பியது. அந்த இலையுதிர் காலத்தில் ஒரே மாதத்தில் 11 ரயில்கள், 18,000-க்கும் மேற்பட்டவர்கள். அதனால் அந்த அக்டோபரின் எந்தத் தேதியைக் கண்டாலும் முதலில் ரயில் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: கொல்லப்பட்டவர்களின் பட்டியல்களில் ஹார்ட்மன் பெயரைத் தேடினால் வேறு ஆட்கள் வருகிறார்கள்.

பதில்: ஹார்ட்மன் செக் பகுதியில் சாதாரணமான குடும்பப் பெயர். பிறந்த தேதியோடு தேடுங்கள். ஜெர்மன் ஆவணங்களில் கரெல் 'கார்ல்' ஆகியிருக்கலாம். தெரேசின் 'தெரேசியன்ஷ்டாட்' ஆகியிருக்கும். பதிவு கிடைத்ததும் கடைசி ரயிலின் குறியீட்டையும், அதில் அவருக்குத் தரப்பட்ட வரிசை எண்ணையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். வெறும் பெயரை மட்டும் எழுதி வைத்தால் மறுபடியும் குழப்பம்தான்.

பிராகின் பிங்காஸ் யூதத் தொழுகைக்கூடச் சுவர்களில் கொல்லப்பட்ட செக் யூதர்கள் ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்களைக் கையாலேயே எழுதியிருக்கிறார்கள். குடும்பப் பெயர் சிவப்பில். பக்கத்தில் பிறந்த தேதி, பிறகு இன்னொரு தேதி. அந்த இரண்டாவது தேதி, அவர் உயிரோடு இருந்ததற்குக் கடைசி ஆதாரம் கிடைத்த நாள்.